புது முட்டின் சத்தம்

ஐந்தருவிக்குக் குளிக்க வருகிறவர்களின் முகத்தைப் பலவேசம் அதிகம் பார்த்ததில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகளாக அவர் பார்த்ததெல்லாம் முதுகு. பாறைப் படியில் ஆளை உட்காரவைத்து, பின்னால் ஒரு முழங்காலை ஊன்றி மற்றதை மடித்து, உள்ளங்கையில் எண்ணெயை வாங்கித் தோளில் முதல் அறை அறைந்தவுடனே, வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரா, வண்டியோட்டியா, தூக்கம் கெட்டவரா என்று விரல்கள் சொல்லிவிடும். பிறகு கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு சுண்டு. 'டக்' என்று நெட்டி முறியும். அந்த ஒரு சத்தத்துக்காகவே மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் ஆட்கள் அவரைப் பெயர் சொல்லித் தேடி வந்தார்கள். நெட்டி விழவேண்டிய நேரத்தில் விழுந்தால் மூட்டு தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். விழக்கூடாத நேரத்தில் விழுந்தால் இடம் பெயர்ந்துவிட்டது என்று பொருள். அவர் கற்ற கல்வி இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, இலஞ்சியில் நான்கு தென்னை நிற்கிற ஒரு வீட்டையும் அவர் கட்டிவிட்டார்.

அந்தக் கல்விதான் அவரைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஈரப்பாறையில் ஊன்றி ஊன்றி வலது முழங்கால் தேய்ந்து, கால் வில்லாக வளைந்து, படியேறுவதற்குப் பக்கவாட்டில் நடக்கிற நிலைமை வந்தபோது, தென்காசியில் ஒரு மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டார். மே மாதம் முதல் வாரம். தேய்ந்த எலும்பு முனைகளை மேலும் கீழும் சீவி, உலோகத்தால் செய்த மூட்டைப் பொருத்தினார்கள். மறுநாளே எழுப்பி நடக்கவைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னவை மூன்றே ஏவல்கள்: மடக்கு, நீட்டு, நட. அவற்றைப் பழக்குவதற்கு ராபியா என்ற இயன்முறை மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் வருவதாக ஏற்பாடு.

வீட்டில் நடந்தது இந்த மூன்றுக்கும் நேர் எதிரானது. நோயாளியைப் பார்க்க வருவது நம் ஊரில் ஒரு கடமை. வந்தால் ஒரு மருத்துவமாவது சொல்லிவிட்டுப் போவது அதனினும் பெரிய கடமை. சாத்துக்குடியும் பிஸ்கட் பொட்டலமுமாக வந்தவர்கள் ஒருவர் தவறாமல் வேட்டியை விலக்கித் தையலைக் காட்டச் சொன்னார்கள். பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்கள்.

"ஏ யப்பா, இவ்வளவு நீளமா அறுத்திருக்கான்! மடக்கிராதிய அண்ணாச்சி. தையல் விட்டுரும்."

"அந்த டாக்டர் பிள்ளய சொல்லுததையெல்லாம் கேட்டா காலு நம்மளுக்கு இருக்காது. சின்னப்பிள்ளைய, என்ன தெரியும்?"

"ஆட்டுக்கால் சூப்பு குடு தங்கபுஷ்பம். நல்லா மொளவு தட்டிப் போட்டு. காலு போனதுக்கு காலுதான் மருந்து."

தங்கபுஷ்பம் சூப்பும் கொடுத்தார். உளுந்தங்களியும் கிண்டிக் கொடுத்தார். போதாததற்கு இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை எடுத்து, கணவரின் முழங்காலுக்கடியில் பதமாக வைத்தும் விட்டார். கால் நீளாமல் அரைவளைவில் இறுகிப்போவதற்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது. அன்பினால் ஒரு மனிதனை மரக்கட்டையாக்குவதில் நம்மவர்களுக்கு இணை நம்மவர்களே. ராபியா வரும் நாளில் தலையணை அலமாரிக்குப் போகும். அவள் வண்டி தெருமுனை திரும்பியதும் மீண்டும் காலடிக்கு வரும்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை, தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்ப்பதற்காக நாற்காலியிலிருந்து எழுந்தார் பலவேசம். காலை நீட்டி ஊன்றினார்.

டக்.

அப்படியே நின்றுவிட்டார். வெளியில் யாருக்கும் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது, கேட்டதைவிட அதிகமாக உள்ளே தெரிந்தது. மெதுவாக உட்கார்ந்து கையை முழங்காலின்மேல் வைத்தார். சூடாக இருந்தது, இடது முழங்கால் குளிர்ந்திருந்தது. தழும்பின் வெளிப்பக்கம் விரலால் அழுத்தினார். விரலுக்குத் தோல் தெரிந்தது. தோலுக்கு விரல் தெரியவில்லை. ஊரார் உடம்பையெல்லாம் தொட்டு அறிந்த விரல், தன் காலைத் தொட்டபோது அது வேறொருவனுடைய கால்போலக் கிடந்தது. சூடு, மரமரப்பு, நெட்டி. பாறையில் வழுக்கி விழுந்து மூட்டுப் பிசகியவர்களை அவரிடம் தூக்கிக்கொண்டு வரும்போது இந்த மூன்றும்தான் இருக்கும்.

அன்று மாலையே நாறும்பூநாதனுக்கு ஆள் போனது. நாறும்பூநாதன் அவருடன் அதே பாறையில் முப்பது ஆண்டுகள் எண்ணெய் தேய்த்தவர். நடையில் அவருக்கும் இலேசான ஒரு நொண்டல் உண்டு. அதை யாராவது கேட்டால் செருப்புக் கடிக்கிறது என்பார்.

"என்ன வே, மறுவீட்டு மாப்ள மாதிரி காலை நீட்டிக்கிட்டு இருக்கீரு?"

"கேலி பொறவு பண்ணலாம். இங்கன கைய வையும்."

நாறும்பூநாதன் கையை வைத்தார். பலவேசம் காலைச் சிறிது மடக்கி நீட்டினார்.

"கேட்டுதா?"

"கேட்டுது வே." நாறும்பூநாதனின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "சூடும் இருக்கு."

"வெளிப்பக்கம் தொடும். எனக்கு ஒண்ணுந் தெரியல."

"கழண்டுட்டு வே. உள்ள வச்சது எடம் மாறிட்டு. முருகா, என்ன எளவு வேல பாத்து வச்சிருக்கான்!"

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"போனா மறுபடி அறுப்பான். நீரு போவீரா? எத்தன பேருக்கு எறங்குன தோள நாம ரெண்டு பேரும் ஏத்தி விட்டிருக்கோம்! அசையாம ஒரு கட்டுப் போட்டா தன்னால உக்காந்துரும்."

சுவரோரமாக நின்ற தங்கபுஷ்பம் அப்போதுதான் வாய் திறந்தார். "அந்தப் பிள்ள மடக்கணும் மடக்கணும்னு படிச்சுப் படிச்சு சொல்லிச்சே."

"ஏளா, அது ஏட்டுல படிச்ச பிள்ள. இது கையி சொல்லுத கணக்கு. நீ போயி நாலு முட்ட எடுத்துட்டு வா."

முட்டையின் வெள்ளைக்கருவில் உளுந்தமாவைக் குழைத்து, துணியில் தடவி, முழங்காலைச் சுற்றி, மேலே மூங்கில் பத்தைகளை வைத்து இறுக்கினார்கள். நாறும்பூநாதனின் கட்டு சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது. ஓர் இழைகூட நெகிழாது. காய்ந்தபோது பலவேசத்தின் கால் இடுப்பிலிருந்து ஓர் உலக்கையாக நீட்டிக்கொண்டிருந்தது. நெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. அசையாத மூட்டில் சத்தம் எப்படி வரும் என்று இருவருமே யோசிக்கவில்லை. நின்றதே குணம் என்று மகிழ்ந்தார்கள்.

ராபியா தொலைபேசியில் அழைத்தபோது தங்கபுஷ்பம் பொய் சொன்னார். "அவிய ஊர்ல இல்லம்மா. புளியங்குடி போயிருக்காவ. நாத்தனா மகளுக்கு நிச்சயம்."

மறுவாரமும் புளியங்குடிதான்.

"பெரியம்மா, எதுல போனாவ?"

"பஸ்லதாம்மா."

"மடங்காத கால பஸ்ல எங்கன நீட்டுனாவ?"

சட்டி அடுப்பில் இருப்பதாகச் சொல்லித் தங்கபுஷ்பம் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் மலையுச்சி முழுவதும் மேகம் இறங்கி, அந்த ஆண்டின் முதல் சாரல் இலஞ்சிவரை வந்து தூவியது. தென்னந்தோப்புகளின் மேல் காற்று சலசலத்துக்கொண்டிருந்தது. அந்தச் சாரலில் மழைக்கோட்டு மாட்டிய ஒரு ஸ்கூட்டி வாசலில் வந்து நின்றது. தங்கபுஷ்பம் உள்ளே ஓடுவதற்குள் ராபியா கூடத்தில் இருந்தாள்.

கட்டிலில் புளியங்குடிக்குப் போயிருந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். உலக்கைக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த முட்டையின் வாடை அடித்தது.

ராபியாவுக்கு இருபத்தேழு வயது இருக்கும். கத்துவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, தரையில் உட்கார்ந்து, கட்டை நறுக்கத் தொடங்கினாள். மூங்கில் பத்தைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"எத்தன நாளாச்சு அண்ணாச்சி?"

"ஒம்பது."

"மடக்குங்க பாப்போம்."

மடக்கினார். பற்களைக் கடித்துக்கொண்டு மடக்கினார். ராபியா கோணமானியைத் தொடையோடும் கெண்டைக்காலோடும் பொருத்திப் பார்த்தாள்.

"அம்பத்தஞ்சு டிகிரி. ரெண்டாவது வாரம் எழுவத்தஞ்சு இருந்துச்சு." கோணமானியை மூடினாள். "இன்னும் பதினாறு நாள்ல பெரிய டாக்டர் பாக்கணும். அன்னைக்குத் தொண்ணூறு வரலைன்னா, திரும்ப ஆஸ்பத்திரியில படுக்க வச்சு, மயக்கம் குடுத்து, அவங்களே மடக்கி விடுவாங்க. உள்ள ஒட்டுனதெல்லாம் பிய்யணும்லா."

பலவேசம் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் கறுத்தது. "எனக்கு நெனவு இல்லாம கெடக்கும்போது, எங்காலை இன்னொருத்தன் நெட்டி எடுக்கதா?"

அறுபது வயதில் அவருக்கு அதைவிடப் பெரிய மானக்கேடு வேறொன்று வாய்த்திருக்க முடியாது. நோவுக்கு அவர் அஞ்சவில்லை. அருவியடியில் அத்தனை பேருடைய மூட்டையும் விழித்த நிலையிலேயே முறித்த மனிதர், தன் மூட்டை ஒருவர் முறிக்கும்போது பிணம்போலக் கிடப்பதற்குத்தான் அஞ்சினார்.

"பின்ன ஏன் கட்டுனிய?"

"கழண்டுட்டும்மா. டக்குன்னு கேக்கு. சூடு. இந்தப் பக்கம் மரத்துக் கெடக்கு. நான் என்ன வேல பாக்கேன்னு ஒனக்குத் தெரியும்லா? எங் கையி இதுவரைக்கும் தப்பாச் சொன்னதில்ல."

ராபியா அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"அப்போ கையிக்கிட்டயே கேப்போம். இதாக்கும் ஒங்களுக்கு உள்ள இருக்கது. மாதிரிக்குன்னு வச்சிருக்கோம். கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க."

பலவேசம் கண்ணை மூடினார். மேலே வழவழப்பான உலோகம். பனங்கொட்டையின் இரண்டு பாதிகளைப்போல இரண்டு உருட்டுக் குமிழ்கள். கீழே ஒரு தட்டு, அதிலிருந்து எலும்புக்குள் இறங்குகிற ஒரு தண்டு. இரண்டுக்கும் நடுவில் வெள்ளைப் பிளாஸ்டிக். அதில் குமிழ்கள் படிவதற்கு இரண்டு குழிகள். குழிகளுக்கு நடுவில் கட்டைவிரல் நுனி அளவு ஒரு முளை.

"பைய மடக்குங்க."

மடக்கினார். கதவுக் கீல் திரும்புவதுபோல அது திரும்பும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அப்படித் திரும்பவில்லை. குமிழ் உருண்டது, உருண்டுகொண்டே சற்று வழுக்கியது, மடங்க மடங்கப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது. பாதிக்குமேல் போனதும் உள்ளே ஒரு குறுக்குத்தண்டு முளையின் முதுகில் போய் முட்டி, அதற்குமேல் முன்னால் சரிய விடாமல் பிடித்தது. அவருடைய விரல்கள் வேகம் குறைந்தன. இன்னும் ஒரு முறை மடக்கினார். இது அவருக்குத் தெரிந்த அசைவு. எத்தனையோ முழங்கால்களைக் கைக்குள் வைத்து மடக்கியபோது உள்ளே உணர்ந்தது இதே அசைவைத்தான்.

"இப்ப மேல உள்ளத நூலளவு தூக்கிட்டு விடுங்க."

தூக்கினார், விட்டார்.

டக்.

பலவேசம் கண்ணைத் திறந்தார்.

"அதே சத்தம்லா?" என்றாள் ராபியா. "ஒங்க பழைய முட்டுல எலும்பு முனையில குருத்து இருந்துச்சு, மெத்து மெத்துன்னு படியும். இப்ப இரும்பும் பிளாஸ்டிக்கும். காலைத் தூக்கும்போது நூலளவு விலகும், ஊனும்போது படியும். படியும்போது சத்தம். எடம் மாறுன சத்தம் இல்ல அண்ணாச்சி, எடத்துல உக்காருத சத்தம். மரத்துப்போனது, அறுக்கும்போது தோலுக்குப் போற சின்ன நரம்பு அறுபடும், அதுனால. பாதி திரும்பி வரும், பாதி வராது. சூடு அஞ்சாறு மாசம் இருக்கும். செவந்து வீங்குனாலோ, நீர் வடிஞ்சாலோ, காய்ச்சல் அடிச்சாலோ அந்த நிமிசமே எனக்குச் சொல்லணும். மத்தபடி பயம் இல்ல."

பலவேசம் கேட்டுக்கொண்டார். ஆனால் கை வேறெதையோ தேடிக்கொண்டிருந்தது. மூட்டைத் தலைகீழாகத் திருப்பினார். மேல்பகுதி கழன்று மடியில் உருண்டது.

"பாத்தியா! விட்டா விழுது. ஆணி இல்ல, கொக்கி இல்ல. அப்போ எனக்குள்ள இத எது புடிச்சிக்கிட்டு நிக்கி?"

ராபியாவின் முகம் மலர்ந்தது. "இத்தன பேருக்கு இதக் காட்டியிருக்கேன். ஒருத்தருகூட இதக் கேக்கல. பெரியம்மா, பழைய சைக்கிள் டியூப் இருக்கா?"

இருந்தது. தங்கபுஷ்பம் சீசனில் அருவிச் சாலையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவர். பழப்பெட்டிகளை இறுக்க டியூபைப் பட்டையாக நறுக்கி வைத்திருப்பார். ராபியா இரண்டு பட்டைகளை வாங்கி, மூட்டின் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக இழுத்துக் கட்டிக் கொடுத்தாள்.

"இப்பத் திருப்புங்க."

விழவில்லை. மடக்கினார், விழவில்லை. பக்கவாட்டில் நெம்பினார், பட்டை இழுத்துப் பிடித்தது.

"ரெண்டு பக்கத்துலயும் ஒங்க சொந்த நாரு இருக்கு. அத டாக்டர் வெட்டல. நீட்டி வச்சு இறுக்கம் பாத்து, மடக்கி வச்சு இறுக்கம் பாத்து, ரெண்டுலயும் ஒண்ணுபோல இருக்கதுக்குத் தக்கன இந்த வெள்ளத்தட்டோட கனத்த வச்சிருக்காவ. நடுவுல இருந்த நாருக்குப் பதிலா இந்த முளை. முன்பக்கம் புடிக்கது யாரு தெரியுமா?" அவர் கையை எடுத்து அவருடைய தொடையின்மேலேயே வைத்தாள். "இவரு. இவரு தூங்கிட்டா, எவ்வளவு நல்ல முட்டு வச்சாலும் நடக்கும்போது கால் விட்டுரும். அளந்து பாருங்க."

பலவேசம் இரண்டு கைகளையும் விரித்து இடது தொடையைச் சுற்றிப் பிடித்தார். பிறகு வலது தொடையை. விரல்கள் சந்திக்கிற இடத்தில் இரண்டு விரற்கடை மிச்சம் விழுந்தது. அழுத்தினார். புளித்த மாவைப்போல அமுங்கியது. அவரை யாரும் ஏமாற்ற முடியாத ஒன்று உண்டென்றால் அது சதை.

"கொஞ்சம் முன்னாலயே வத்தியிருக்கும். மீதிய இந்த ஒம்பது நாள் தின்னுட்டு," என்றாள் ராபியா.

பலவேசம் தொடையிலிருந்து கையை எடுக்கவில்லை. கை பொய் சொல்லவில்லை. கேட்கவேண்டிய இடத்தில் அவர்தான் கேட்கவில்லை. நெட்டியின் பின்னாலேயே போன மனிதர், ஒரு சாண் மேலே கையை வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து நாறும்பூநாதன் வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே நாலு முட்டை. பத்தாம் நாள் கட்டைப் பிரித்துப் புதுக்கட்டுப் போடவேண்டும் என்பது முறை. தரையில் கிடந்த மூங்கில் பத்தைகளையும் கத்தரிக்கோலையும் பார்த்தார், ராபியாவைப் பார்த்தார், மெல்லத் திரும்பப் பார்த்தார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி," என்றாள் ராபியா. "முட்டைய அவிச்சுக் குடுங்க. தொடையில சதை வைக்கணும், அதுக்கு நல்லது."

தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். நாறும்பூநாதன் சிரிக்கவில்லை. பொட்டலத்தை வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போனவர் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

அன்றே தலையணை பரணுக்குப் போனது. ஒரு பாக்குமட்டைத் தட்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, சிவப்புச் சிமெண்டுத் தரையில் வழுக்கவிட்டு, குதியைத் தன்னை நோக்கி இழுக்கவேண்டும், பிறகு தள்ளவேண்டும். காலையில் முப்பது, நண்பகலில் முப்பது, மாலையில் முப்பது. தங்கபுஷ்பம் பழக்கடைக்குக் கூடை பின்னிக்கொண்டே எண்ணினார்.

"இருவத்தி நாலு."

"ஏளா, இருவத்தியாறு ஆச்சு."

"நடுவுல ரெண்டு நீங்க ஏச்சிட்டிய. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இருவத்தி நாலு."

தொடைக்குத் தனி வேலை. காலை நீட்டி, முழங்காலின் பின்புறத்தைத் தரையோடு அழுத்தி, தொடையை இறுக்கிப் பத்து எண்ணவேண்டும். எதிர்வீட்டுக்காரி வந்து, "ஐயோ, இப்படிப் போட்டு மடக்குதியளே!" என்று கைகளைப் பிசைந்தாள். முன்பெல்லாம் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த தங்கபுஷ்பம், "நீ போயி ஒன் மாட்டுக்குத் தண்ணி வையி," என்றார்.

அறுபத்து மூன்று ஆனது. எழுபது ஆனது. ஆறாம் நாள் முற்றத்தில் நடந்தபோது கால் மடிந்து விட்டது. விழப்போனவரைத் தங்கபுஷ்பம் அக்குளில் கைகொடுத்துப் பிடித்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் ஊரே கூடியிருக்கும். பலவேசம் சுவரைப் பிடித்து நின்று, மூட்டைத் தொடாமல் தொடையைத் தொட்டார். "சதைதான். முட்டு இல்ல," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "இன்னைக்கு இன்னும் பத்து கூடப் போடு."

எழுபத்தெட்டில் வந்து நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். கோணமானியின் முள் எழுபத்தெட்டைத் தாண்ட மறுத்தது. சோறு வைத்தால் தட்டைத் தள்ளினார். குழம்பில் உப்பில்லை என்றார். உப்பைப் போட்டால் கரிக்கிறது என்றார். மலையில் மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஐந்தருவியில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்று போகிற வருகிற ஆட்டோக்காரர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள்.

"எல்லாரும் பாறைக்குப் போயிட்டானுவ," என்றார் பலவேசம். "நான் ஆஸ்பத்திரியில கெடக்கணும்னு எழுதியிருக்கு."

"நாறும்பூ அண்ணாச்சி வந்து அந்தக் கட்டக் கட்டிவிட்டப்போ, எவ்வளவு நம்பிக்கையா இருந்திய!" தங்கபுஷ்பம் கூடையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த நம்பிக்கையில பாதி இதுல வையுங்க. ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் எண்ணெய் தேச்சிய. ஒங்க தொடைக்கு ஒரு நாள் தேச்சியளா?"

பலவேசம் காலை நீட்டி, வேட்டியைத் தொடைவரை ஏற்றினார். பிறகு, "எண்ணெய எடு," என்றார்.

தழும்பு நன்றாக ஆறிவிட்டதென்று ராபியாவிடம் தொலைபேசியில் உறுதிப்படுத்திக்கொண்டு, எண்ணெயைச் சூடாக்கி, முதன்முதலாகப் பலவேசம் தானே தன் வாடிக்கையாளரானார். மூட்டை இழுக்கவில்லை, திருகவில்லை. தொடையின் மேல்பாதியிலிருந்து தொடங்கி, இறுகிக் கிடந்த ஒவ்வொரு முடிச்சையும் கட்டைவிரலால் தேடிப் பிடித்து, அது தளரும்வரை நின்று, அடுத்ததற்கு இறங்கினார். ஓரிடத்தில் வலி தாளாமல் கத்திவிட்டார்.

"இத்தன வருசமா காசு குடுத்து வந்தவுகள இப்பிடியா கத்தவிட்டிய?" என்றார் தங்கபுஷ்பம். "பாவம் அவுக."

பலவேசத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குதியை இழுத்தார். பாக்குமட்டை தரையில் வழுக்கி வந்தது. எப்போதும் நிற்கிற கோட்டில் நிற்காமல் இரண்டு விரற்கடை தாண்டி வந்தது.

தென்காசியில் பெரிய மருத்துவர் பார்த்த அன்று மழை கொட்டியது. மருத்துவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். கெண்டைக்காலைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். மடக்கி வைத்து முன்னால் இழுத்துப் பார்த்தார். மூட்டு நெகிழவில்லை. கோணமானியை வைத்தார். பலவேசம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராபியா சுவரோரமாக நின்று தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தி மூணு," என்றார் மருத்துவர். "மயக்கம் வேண்டாம்."

பிறகு நிபந்தனைகளை அடுக்கினார். தரையில் குந்தக் கூடாது. ஈரப்பாறையில் முழங்காலை ஊன்றும் வேலை இனிக் கிடையாது. வழுக்குகிற இடத்தில் கால் வைக்கக் கூடாது. நின்றுகொண்டு வேலை பார்க்கலாம், இன்னும் ஆறு வாரம் கழித்து. மடக்குவதை மட்டும் நிறுத்தக் கூடாது.

"நின்னுக்கிட்டே எப்பிடி டாக்டர் தேய்க்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பலவேசமே யோசிக்கத் தொடங்கினார்.

ஆடி மாதம் சீசன் உச்சத்தில் இருந்தபோது, ஐந்தருவிப் பாறையிலிருந்து சற்று விலகி, படிக்கட்டு முடிகிற காய்ந்த சிமெண்டுத் தளத்தில் ஓர் உயரமான முக்காலி தோன்றியது. அதற்குப் பின்னால் ஒரு ரப்பர் விரிப்பு. ஆள் முக்காலியில் உட்காரவேண்டும். பலவேசம் விரிப்பில் நின்று தேய்ப்பார்.

"என்ன வே, சலூன் தொறந்துட்டீரா?" பாறையிலிருந்து ஒருவன் கூவினான்.

"சவரம் உண்டா அண்ணாச்சி?" என்றான் இன்னொருவன்.

"ஒன் நாக்குக்கு மட்டும் உண்டுலே. வா."

முதல் இரண்டு நாள் கேலி நடந்தது. மூன்றாம் நாள், பாறையில் குந்தி எழ முடியாத வயதானவர்கள் முக்காலியைக் கண்டுகொண்டார்கள். சங்கரன்கோவிலிலிருந்து வந்த ஒருவர், "இருவது வருசமா இங்க வாரேன். உக்கார முடியாதுன்னு எண்ணெயே தேச்சதில்ல," என்று முதுகைக் காட்டினார். அடுத்த வாரம் வரிசை நின்றது. முக்காலி பக்கவாட்டில் இருந்ததால், வரிசையில் நிற்கிறவர்களின் முகமும் பலவேசத்தின் கண்ணில் பட்டது. எவன் காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறான், எவள் படியில் பக்கவாட்டாக இறங்குகிறாள் என்று பார்த்துக்கொண்டே தேய்த்தார்.

ஒரு நண்பகலில் மழை வலுத்து, குளிப்பதற்குத் தடை போட்டார்கள். கூட்டம் கலைந்தது. நாறும்பூநாதன் பாறையிலிருந்து எழுந்தார். எழுவதற்கு அவருக்கு இரண்டு கைகளும் ஒரு கம்பியும் தேவைப்பட்டன. பக்கவாட்டில் அடியெடுத்து வைத்துப் படியேறி, முக்காலிக்கு அருகில் வந்து நின்றார். கட்டுக் கட்டிய நாளுக்குப் பிறகு இருவரும் எண்ணெய், தண்ணீர், கூட்டம் தவிர வேறெதையும் பேசியதில்லை.

"செருப்புக் கடிக்கா வே?" என்றார் பலவேசம்.

"ஆமா." நாறும்பூநாதன் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

எதிரில் அருவியின் ஐந்து கிளையும் ஒன்றாகிச் செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்பவும் டக்குன்னு கேக்கா?"

"கேக்கும்."

"காட்டும்."

பலவேசம் முக்காலியில் உட்கார்ந்து வேட்டியை விலக்கினார். நாறும்பூநாதன் எண்ணெய்ப் பிசுக்கு மாறாத உள்ளங்கையைத் தழும்பின்மேல் வைத்தார். பலவேசம் காலை நீட்டினார், மடக்கினார், பாதம் முக்காலிக் காலைத் தாண்டிப் பின்னால் போகிறவரை மடக்கினார். அருவியின் இரைச்சலில் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. கைக்கு எட்டியது.

"இன்னொரு தரம்," என்றார் நாறும்பூநாதன்.

இன்னொரு தரம் நீட்டி மடக்கினார்.

நாறும்பூநாதன் மற்றக் கையால் பலவேசத்தின் தொடையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். பிறகு அதே கையைக் கொண்டுபோய்த் தன் முழங்காலின்மேல் வைத்து, நின்ற நிலையிலேயே சிறிது மடக்கினார். உள்ளே மணலை அரைப்பதுபோல இருந்தது. அது அவருக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும்.

"அந்தப் பிள்ள," என்றார், அருவியைப் பார்த்துக்கொண்டே, "ஒம்ம வீட்டுக்கு எந்தக் கெழம வருது?"